தானாக எழுந்த பெட்டி

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்ததும் ஏணிக்காரரின் மனைவி முதல் காரியமாக இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுற்றி வைத்துவிடுவாள்.

"உட்காருங்க. இது உங்க நேரம்."

ஏணிக்காரர் உட்காருவார். அந்த வீட்டில் இருந்தது ஒரே மேசை. அதன்மேல் பழைய கம்பளியை விரித்துத்தான் அவள் துணி தேய்ப்பாள். கம்பளியின் சூடு அடங்குவதற்குள் அவர் அதே இடத்தில் லேப்டாப்பை வைத்துத் திறப்பார். இரண்டு வேலையும் சேர்ந்து நடக்க வழியில்லை. இஸ்திரிப் பெட்டி சூடேறும்போதெல்லாம் வீட்டுக் கரண்ட் மூச்சு வாங்கும். ஆணியடித்து மாட்டியிருந்த நெட் டப்பா உடனே கண்ணை மூடிக்கொள்ளும். அதனால் அவர் படிக்கிற நேரத்தில் அவள் பெட்டியைத் தொடமாட்டாள். காலர்களில் தண்ணீர் தெளிப்பாள், பொத்தான் தைப்பாள், காலையில் தேய்த்ததை மடிப்பாள்.

மழைக்காலம் வேறு. பக்கத்து ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டுகள் அறைக்குள் கொடி கட்டி ஈரத்தோடு தொங்கின. தலையில்லாத டாக்டர்கள் கூட்டமாக வந்து நின்று ஏணிக்காரரின் படிப்பைப் பார்வையிடுவது போல இருக்கும். பெட்டியை வைத்துக் காயவைத்தால்தான் அந்தத் துணி காயும். அந்த ஒரு மணி நேரம் நின்றுபோனால், சாயங்காலம் துணியை எடுத்துப்போக வருகிற ஆள் வாசலில் நின்று முணுமுணுப்பான். அவள் அதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லாததே அவருக்குச் சுருக்கென்று குத்தியது.

ஏணிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். வருஷக்கணக்காகத் தோளில் ஏணியோடு திரிந்து வீடு வீடாகக் கேபிள் இழுத்தவர். ஒரு மழை நாளில் ஏணி சறுக்கியது. எலும்பு கூடிவிட்டது, தோள் மட்டும் பழையபடி மேலே எழும்பவில்லை. கேபிள் கான்ட்ராக்டர் ஈரமுள்ள மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"கன்ட்ரோல் ரூம்ல ஒரு ஆள் வேலைய விட்டுப் போறாரு. உக்காந்து பாக்குற வேலை. ஆனா நெட்டைப் பிரிச்சு அனுப்புற பெட்டிங்க, ரௌட்டர், சுவிட்ச் எல்லாம் கமாண்ட் அடிச்சு சரி பண்ணத் தெரியணும்பா. மேல இருந்து வந்து செஞ்சு காட்டச் சொல்லுவாங்க. செஞ்சுட்டா இடம் உனக்கு. இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கேபிளைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். அதற்குள் ஓடுகிற பேச்சைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது.

கைகொடுத்தவன் மனைவியின் தம்பி. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. வயதில் சின்னவன். அங்கே கழித்துப் போட்ட ரௌட்டர்களையும் சுவிட்சுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, நகரத்தின் மறுகோடியில் இருந்த தன் வீட்டில் அடுக்கி, ஒன்றோடொன்று இணைத்து, தன் கம்ப்யூட்டரோடும் கட்டிவிட்டான். பிறகு போன் செய்தான்.

"அத்தான், நீங்க இங்க அலைய வேணாம். உங்க வீட்டுல இருந்தே என் கம்ப்யூட்டருக்குள்ள வரலாம். அது வழியா எல்லாப் பெட்டிக்கும் போகலாம்."

"எதையாவது கெடுத்துட்டா?"

"கெடுங்க. கெடுத்தாதான் படிப்பு வரும். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. முதல் பெட்டில முதல் போர்ட், கேபிள் சொருகுற வாய், இருக்குல்ல, அதுதான் நீங்க உள்ள வர்ற வழி. வேற வழி கட்ட எங்கிட்ட கேபிள் இல்ல. கமாண்ட் அடிச்சு அதை மூடிட்டீங்கன்னா நீங்களே வெளிய நிப்பீங்க."

"மூடிட்டா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் சொன்னான்: "ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா காத்திருங்க. தானா எழுந்துக்கும்."

ஏணிக்காரர் அந்தப் போர்ட்டை மூடினார். ஒரு தடவை இல்லை, அடிக்கடி. இரண்டாவது போர்ட்டை அணைக்க வேண்டிய இடத்தில் கைப்பழக்கத்தில் முதலாவதை அடிப்பார். திரை அப்படியே உறைந்துபோகும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. அவர் நாற்காலியில் சாய்ந்து காத்திருப்பார். சிறிது நேரத்தில், மைத்துனன் சொன்னபடியே, எல்லாம் பழையபடி எழுந்து வந்து நிற்கும்.

"பாத்தியா, நல்ல வம்சத்துப் பெட்டி. விழுந்தாலும் தானா எழுந்துக்குது" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொள்வார்.

"நீங்களும் அப்படி எழுந்துட்டா நல்லது" என்பாள் அவள், வாயில் ஊசியோடு.

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவருக்கு வேடிக்கையாகப் படவில்லை. அந்த நாட்களில் எதுவுமே அவருக்கு வேடிக்கையாகப் படவில்லை. கெட்ட மனிதர் என்று யாரும் அவரைச் சொல்லமாட்டார்கள். மழையில் நின்று வேலை செய்கிற காலத்தில் கூட்டாளிக்குத் தன் மேல்சட்டையைக் கழற்றிக் கொடுத்தவர். கொடுத்தே பழகிய கை. வாங்கிக்கொள்ள வேண்டி வந்தபோது அது கூசியது. கூச்சத்தை வெளியே சொல்லத் தெரியாமல் உள்ளே வைத்துப் புளிக்கவிட்டுவிட்டார்.

அப்படிப் புளித்தது ஒரு நாள் விரல் வழியாக வெளியே வந்தது.

இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று பேச மறுத்த நாள் அது. புத்தகத்தில் உள்ளபடியே எல்லாம் செய்தும் கடைசியில் இருந்த அந்தக் கோடிப் பெட்டி பதில் தரவில்லை. வாய்விட்டுத் திட்டலாமென்றால் முதுகுக்குப் பின்னால் மனைவி. திட்ட நினைத்ததோ அவள் தம்பியை. அவர் கமாண்ட் அடிக்கிற இடத்திலேயே, ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தார்: 'மாப்பிள்ளை பெரிய மேதை. ஊர்க் குப்பையை என் தலையில் கட்டிவிட்டான்.'

பெட்டி அதைக் கமாண்ட் என்றே எடுத்துக்கொண்டது. தனக்குப் புரியாத எழுத்தின் கீழே குட்டித் தொப்பி போல ஒரு குறி வைத்து, தவறான சொல் என்று அடக்கமாகப் பதில் தந்தது. ஏணிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் திட்டு வாங்கியும் கோபித்துக்கொள்ளாத ஒரு ஜீவன்!

அதன்பிறகு அது வழக்கமாயிற்று. வேலை முட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அடிப்பார். 'அவன் பெண்டாட்டி அரை டம்ளர் மகாராணி. வீட்டுக்குப் போனால் டீயை மருந்து மாதிரி அளந்து ஊற்றுவாள்.' தவறான சொல். 'இங்கே ஒருத்தி பின்னால் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டிக்குக் காவல் காக்கிறாள். நான் தோற்றால் இவளுக்கு மேசை கிடைக்கும்.' தவறான சொல். அடித்து முடித்ததும் நெஞ்சு லேசாகும். திரை மேலே ஓடி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

செய்முறைத் தேர்வுக்கு அடுத்த வாரம் நாள் குறித்தார்கள். சேதி கேட்டு மைத்துனன் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான்.

சாப்பாடு முடிந்து கை துடைத்ததும் ஏணிக்காரரைத் தோளில் தட்டி எழுப்பினான்.

"வாங்க அத்தான், உங்க பெட்டிங்களை நீங்க இன்னும் நேர்ல பாக்கவே இல்லியே."

இருந்த ஒரே படுக்கையறையில், குழந்தையின் கட்டிலை மூலைக்குத் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் அந்தப் பெட்டிகளை அடுக்கியிருந்தான். பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. வீட்டின் ஒரே மேசை விசிறி அவற்றின் பக்கம் முகம் திருப்பி நின்றது.

"விசிறியை இதுங்களுக்கா வெச்சிருக்கே? குழந்தைக்கு?"

"அவனுக்கு ஜன்னல் காத்து போதும் அத்தான். இதுங்க சூடானா நின்னு போயிடும்."

ஏணிக்காரர் ஒரு பெட்டியின் தலையைத் தடவினார். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி. "ஆனா மாப்ளே, பழசுன்னாலும் உறுதி. எத்தனை தடவை வழியை மூடியிருப்பேன்! தானா எழுந்துக்குதே!"

மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான். "தானாவா? நல்லா இருக்கே கதை! இனி சொன்னா என்ன, அதான் படிப்பு முடியப் போகுதே. என் பெண்டாட்டி, உங்க தங்கச்சிதான் அத்தான் எழுப்புறா. நான் ஆபீஸ்ல இருப்பேன். நீங்க உள்ள வர்ற நேரத்துக்கு அவ குழந்தையோட இங்க வந்து உக்காந்துக்குவா. திரை அசையாம நின்னா எழுந்து போயி, பின்னால குனிஞ்சு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவா. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் தானா எழுந்துக்கும்னேன்."

ஏணிக்காரர் கேட்டது ஒரே சொல்தான். "திரையா?"

"ஆமா, இதோ." மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரையைக் காட்டினான். "அங்க நீங்க பாக்குறதே இந்தத் திரையைத்தானே. ஒவ்வொரு எழுத்தும் இங்க வரும். நீங்க அழிச்சா அழியிறதும் தெரியும். அத்தான் எப்படிப் படிக்கிறாருன்னு அவளைத்தான் கேப்பேன். 'நல்லா அடிக்கிறாரு, தப்பு குறைஞ்சுக்கிட்டு வருது'ன்னு சொல்லுவா."

காதுமடல் தீப்பட்டது போலக் காந்தியது அவருக்கு. மைத்துனன் வேறு என்னென்னவோ விளக்கினான். ஒன்றும் ஏறவில்லை. அவர் அடித்த ஒவ்வொரு வரியும் இந்த அறையில், இந்த விசிறிக் காற்றில், ஒரு பெண்ணின் கண்முன் எழுத்தெழுத்தாக நடந்து போயிருக்கிறது. அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூடத்துக்கு வந்தார்கள். உள்ளேயிருந்து மைத்துனனின் மனைவி வந்தாள். இடுப்பில் குழந்தை, மறு கையில் டீ டம்ளர். டம்ளர் நிறைய, விளிம்பு வரை.

"எடுத்துக்குங்க அண்ணா."

அவர் கை நீட்டுவதற்குள் குழந்தை காலை உதறியது. டீ தளும்பி அவள் மணிக்கட்டில் வழிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரைக் கீழே போடாமல் அவர் கையில் கொடுத்தாள்.

"ஏம்மா, இப்படி வழிய வழியவா ஊத்துவே? இடுப்புல இவனை வெச்சுக்கிட்டு!" என்று ஏணிக்காரரின் மனைவி பதறி எழுந்து குழந்தையை வாங்கினாள். "எப்பவும் பாதிதானே ஊத்துவே, அதுதான் சரி. போ, தண்ணியில காட்டு."

"பரவால்ல அண்ணி. அண்ணாவுக்கு நிறையத்தான் பிடிக்கும்" என்றாள் அவள்.

சொன்னபோது அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. குத்திக் காட்டுகிறாளா, இல்லை உள்ளபடியே அவர் ஆசைப்பட்டதைக் கொடுக்கிறாளா? அவருக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், பாதி டம்ளருக்கான காரணம் அவர் மனைவியின் மடியில் உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது. அந்த டீயை அவரால் குடிக்க முடியவில்லை. சூடு என்றார். பிறகு ஆறிவிட்டது என்றார்.

மறுநாள் மத்தியானம் மனைவி வழக்கம்போல ஒயரைச் சுற்றி வைத்தாள். அவர் லேப்டாப்பைத் திறந்தார், உள்ளே போகவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு மூடுவார். இரவில் கடவுளைக் கும்பிடக் கை கூப்பினால், அந்த விரல்களே ஞாபகத்துக்கு வந்து கூசும். வெளியே மழை விடவில்லை. தலையில்லாத டாக்டர்கள் இன்னும் அதிகமாகச் சேர்ந்துகொண்டார்கள்.

"நெட் சரியில்லை" என்றார் மனைவியிடம்.

"டப்பாவுல விளக்கு எரியுதே."

"எரியும். உள்ள வேலை செய்யாது."

"ஏங்க, நான் பெட்டியைச் சொருகாம உக்காந்திருக்கேன். நீங்க ஒரு எழுத்துகூட அடிக்கல. நாலு நாள்ல பரீட்சையை வெச்சுக்கிட்டு என்ன இது?"

"சொருகிக்கோ. எனக்கு வேணாம் இந்தப் படிப்பு. வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "தம்பி பெண்டாட்டி காலையில போன் பண்ணா. 'அண்ணா ரெண்டு நாளா வரலியே அண்ணி, உடம்பு சரியில்லியா? நான் குழந்தையைத் தூங்க வெச்சுட்டு வந்து வந்து பாக்குறேன்'னு கேட்டா. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் அதுவரை பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேதை, அரை டம்ளர், காவல் காக்கிறவள் எல்லாம். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் கொடியில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்துச் சொன்னார்.

அவள் மடியிலிருந்த துணியை மடித்துக் கீழே வைத்தாள்.

"நீங்க தோத்தா எனக்கு மேசை கிடைக்கும்னா எழுதினீங்க?" என்றாள்.

"ம்."

"மேசைக்காகத் தோக்கணும்னா, நான் தினம் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேணாமே. சொருகியே வெச்சிருந்தா நீங்க என்னிக்கோ தோத்திருப்பீங்க."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"போன் பண்ணி அந்தப் பொண்ணு கால்ல விழுந்துடறேன்" என்றார்.

"ஐயோ, வேற வினையே வேணாம். இப்ப பேசினா அவ அழுவா. சாயங்காலம் தம்பி வந்து அவ முகத்தைப் பாப்பான். என்னா ஏதுன்னு தோண்டுவான். அவ இத்தனை நாள் பொத்தி வெச்சதை நீங்க போட்டு உடைக்கப் போறீங்களா? அவன் மனசு விட்டுப் போச்சுன்னா எனக்குப் பொறந்த வீடே இல்லாமப் போயிடும்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அசிங்கமா எழுதின கைதானே? அந்த இடத்துலயே போயி உக்காருங்க. அவ உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கா. அதுக்காவது மரியாதை குடுங்க."

அவர் உள்ளே போனார்.

அந்தத் திரை வந்து நின்றபோது, யாருடைய வீட்டு அறைக்குள்ளோ செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. மிக மெதுவாக அடித்தார். ஒவ்வொரு எழுத்தையும் அடிப்பதற்கு முன் யோசித்தார். அந்த அளவு கவனமே அவரைக் கவிழ்த்தது. அணைக்கக் கூடாத முதல் போர்ட்டையே மறுபடி அணைத்துவிட்டார்.

திரை உறைந்தது.

முன்னெல்லாம் இந்த நேரத்தில் கால் நீட்டிச் சாய்வார். இன்று சாய முடியவில்லை. நகரத்தின் மறுகோடியில், தூங்குகிற குழந்தை விழிக்காமல் ஒரு பெண் எழுந்திருக்க வேண்டும். சூடுபட்ட மணிக்கட்டோடு பெட்டிகளுக்குப் பின்னால் குனிய வேண்டும். தன்னை இழித்தவனுக்காகப் பிளக்கைத் தேட வேண்டும். எழுந்திருக்காமல் இருக்க அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டார். தானறியாமல் கை கூப்பியிருந்தது.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"வழியை மூடிட்டேன்."

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கொடியிலிருந்து ஒரு சொட்டு கம்பளியின் மேல் விழுந்தது. பிறகு இன்னொன்று.

திரை துடித்தது. பெட்டி எழுந்தது.

ஏணிக்காரர் உட்கார்ந்து, கமாண்ட் அடிக்கிற இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தார்: 'தங்கச்சி, என்னை மன்னிச்சிடும்மா. நான் எழுதினது எல்லாம்...'

மேலே வார்த்தை வரவில்லை. பெட்டிக்கு அனுப்புகிற விசையை அவர் தட்டவில்லை. தவறான சொல் என்று அது சொல்வதை இன்று அவரால் தாங்க முடியாது. அப்படியே விட்டுவிட்டு விரல்களை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது, அவர் விசைகளைத் தொடாமலேயே, கடைசி எழுத்து மறைந்தது. அதற்கு முந்தினதும் மறைந்தது. அங்கே யாரோ ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், அவருடைய வரியைப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்தார்கள். 'மன்னிச்சிடும்மா' போயிற்று. 'தங்கச்சி' என்ற சொல் மட்டும் மிஞ்சியபோது அழிப்பது நின்றது. சற்று நேரம் அந்தச் சொல் தனியாக நின்றது. பிறகு அதன் பக்கத்தில் புது எழுத்துகள் முளைத்தன:

'...தான் சொல்றேன் அண்ணா. முதல் போர்ட் வாசப்படி. அதைத் தொடாதீங்க. ரெண்டாவதுல போடுங்க.'

கொஞ்சம் இடைவெளி.

'சீக்கிரம். அங்க அண்ணியோட இஸ்திரிப் பெட்டி காத்திருக்கு. இங்க என் அரை டம்ளர் டீ ஆறுது.'

அந்த வரியையும் அவளே துடைத்துவிட்டாள். இடம் சுத்தமாக, அவருக்காகக் காத்திருந்தது.

அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்து மனைவி ஓடிவந்தாள். "என்ன சொன்னா? திட்டுறாளா?"

"டீ ஆறுதாம்" என்றார் அவர். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது போர்ட்டில் அடிக்க வேண்டியதை அடித்தார். கோடிப் பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தார். இத்தனை நாளும் வெறும் புள்ளிகளையே காட்டிக்கொண்டிருந்த அந்த இடத்தில், பதில் வந்ததற்கு அடையாளமாக, ஆச்சரியக்குறிகள் வரிசையாக வந்து விழுந்தன.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவருக்குரிய நேரமும் மிச்சமிருந்தது. தேர்வுக்கு நாளும் மிச்சமிருந்தது. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவர் லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தார். மேலே எழும்பாத கையால் கம்பளியின் சுருக்கத்தை நீவிவிட்டு, சுற்றி வைத்திருந்த ஒயரைப் பிரித்துச் சுவரில் சொருகினார்.

"சூடேறட்டும்" என்றார் மனைவியிடம். கொடியிலிருந்து ஒரு கோட்டை இறக்கி மேசைமேல் விரித்துக் காலரை நேராக்கினார். "நீ தேய்ச்சுக் குடு. நான் மடிக்கிறேன்."